கலிபோர்னியா கோர்ட்டுக்கு வா என்கிறது கம்பெனி: வேலூரிலேயே வழக்குப் போடலாமா?

கேள்வி: காட்பாடியில் வசிக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ஆப்பில் வருடச் சந்தா கட்டி, அம்மாவின் சர்க்கரை அளவைத் தினமும் பதிவு செய்து வந்தேன். சில மாதங்களாக மூலிகை மருந்து விற்பவர்கள், இன்சூரன்ஸ்காரர்கள் என்று அம்மாவுக்கு ஓயாமல் போன் வருகிறது. எல்லோரும் "ராஜி பாப்பாங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அது ஆப்பில் நான் விளையாட்டாகப் போட்ட பெயர். கம்பெனிக்கு எழுதினால், "நீங்கள் சம்மதித்த நிபந்தனைப்படி எந்த வழக்கானாலும் கலிபோர்னியா நீதிமன்றத்தில்தான்" என்று பதில் வந்தது. ஒன்றுமே செய்ய முடியாதா?

பதில்: செய்யலாம். முதலில் அந்த "ராஜி பாப்பா"வைப் பத்திரப்படுத்துங்கள்.

இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, சாட்சியத்தில்தான் தோற்கும். வேலூரில் ஒரு சர்க்கரை நோயாளியின் போன் நம்பர் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, லேப், மெடிக்கல் ஷாப், டோர் டெலிவரி பையன். "இவர்களில் யாரோ கொடுத்திருக்கலாம், என் கட்சிக்காரர்தான் கொடுத்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். லேபிலும் மெடிக்கலிலும் இல்லாத பெயர் அதற்கு நல்ல பதில்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் போனிலோ, தம்பி தங்கை போனிலோ அம்மாவின் நம்பரை அதே பெயரில் சேமித்திருக்கிறீர்களா? அழைப்பவர் பெயரைக் காட்டும் ஆப்கள் நம் போனில் உள்ள பெயர்ப்பட்டியலிலிருந்தும் பெயரை எடுக்கக்கூடும். அப்படிச் சேமித்திருந்தால் உங்கள் பிடி தளர்ந்துவிடும்.

இல்லையென்றால், அந்தப் பெயர் தெரிகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆப்பில் உங்கள் தகவல்களை டவுன்லோடு செய்யும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். கோபத்தில் கணக்கை அழித்துவிட வேண்டாம். அடுத்த போன் வரும்போது ரெக்கார்டரைப் போட்டு, அவர்களே பெயரைச் சொல்லட்டும். நம்பர் எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். இவையெல்லாம் மின்னணு ஆவணங்கள் என்பதால், தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

அப்புறம் கலிபோர்னியா. அந்த வரியைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பயந்து விட்டுவிடுகிறார்கள்; அதை எழுதுவதே அதற்காகத்தானோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ம் பிரிவு, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. நீங்கள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். நம்பி ஒப்படைத்த சொந்தத் தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக இன்னொருவருக்குக் கொடுப்பது "நியாயமற்ற வணிக நடைமுறை" என்று அதே சட்டத்தின் 2(47) பிரிவு சொல்கிறது. 2020-ம் வருட மின்வணிக விதிகள், இந்தியாவில் நிறுவப்படாமல் இங்குள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து சேவை விற்கும் கம்பெனிகளுக்கும் பொருந்தும். அந்த விதிகளின்படி கம்பெனியின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நீங்கள் சந்தா கட்டியது இங்கேதான் உதவுகிறது. இலவச ஆப்பாக இருந்தால், காசு கொடுக்காதவர் நுகர்வோரா என்று அவர்கள் தகராறு செய்வார்கள்.

புதிய தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2023-ல் வந்த அந்தச் சட்டம் வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியாவில் உள்ளவர்களுக்குச் சேவை தருபவர்களையும் கட்டுப்படுத்தும். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. கம்பெனிகள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதம்தான் அமலாகும். இன்னொன்று, அந்த அபராதம் மத்திய அரசின் கஜானாவுக்குப் போகும். உங்கள் அம்மாவுக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. இது அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் கருத்து. பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றும் கிடைக்காது என்றால் வேலையை விட்டுவிட்டு யார் புகார் கொடுக்கப் போவார்கள்?

நம்மைப் போன்ற நாடுகள் கைகட்டி நிற்கின்றன என்று சொல்லவில்லை. 2024-ல் நைஜீரியா, வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டா கம்பெனிக்கு 22 கோடி டாலர் அபராதம் போட்டது. அதே வருடம் நவம்பரில் நம் போட்டி ஆணையமும் வாட்ஸ்அப் கொள்கை விவகாரத்தில் அதே கம்பெனிக்கு 213.14 கோடி ரூபாய் போட்டது. எல்லாம் அரசுக்கும் கம்பெனிக்கும் நடுவே நடந்த கணக்கு. அதனால்தான் உங்களை நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்புகிறேன். அங்கே இழப்பீடு உங்கள் கைக்கு வரும்.

தீர்ப்பு வந்தாலும் வசூலிப்பது தனிப்பாடு. கம்பெனிக்கு இந்தியாவில் ஆபீஸோ துணை நிறுவனமோ இல்லையென்றால் உத்தரவைக் காகிதமாகவே வைத்திருக்க நேரலாம். எனவே சந்தா ரசீதை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் பில், ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா, இந்திய முகவரி இருக்கிறதா? இருந்தால் அந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அம்மாவைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் நமக்குச் சாதகம்தான்.

ஒரு மாதம் பாருங்கள். பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. பணம் கட்டியவர் நீங்கள், பயனாளி அம்மா; இருவர் பெயரிலும் போடுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் கெடு. நடுவில் போன் தொல்லை தாங்கவில்லையென்றால், இரண்டு மூன்று அழைப்புகளைப் பதிவு செய்துகொண்ட பிறகு விளம்பர அழைப்புத் தொல்லைக்கான 1909 என்ற எண்ணில் புகார் கொடுங்கள்.