தெர்மோஸ்டாட் மேல்வீட்டில், குளிர் பேஸ்மென்டில்

கேள்வி: ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் மனைவியோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் வாடகைக்கு இருக்கிறேன். ஹீட், ஹைட்ரோ (மின்சாரம்), தண்ணீர் எல்லாம் வாடகைக்குள் அடக்கம். வீட்டுக்கார அண்ணை, வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பூட்டியிருக்கிறார். அது மேலே ஹோலில் இருக்கிறது, போனில்தான் இயக்குகிறார். அவர்கள் வேலைக்குப் போனதும் ஹீட் தானாகக் குறைந்துவிடும். பகலில் கீழே 16, 17 பாகைதான். கேட்டால், "காஸ் பில் ஏறுது தம்பி, ஒரு ஹீற்றர் வாங்கி வையுங்கோ" என்கிறார். வீட்டைச் சூடாக்கும் பேர்னஸ் எங்கள் பக்கத்து அறையில் இருப்பதால், அதிலிருந்து வயர் இழுத்து எங்களுக்கென்று ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் பூட்டித் தருவதாக மச்சான் சொல்கிறார். பூட்டலாமா? பேஸ்மென்ட் நகரசபையில் பதியப்படாதது. முறைப்பாடு செய்தால் வீட்டை விட்டு எழும்ப வேண்டி வருமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: மச்சானை முதலில் நிறுத்துங்கள். உங்கள் பக்கம் சட்டம் பலமாக இருக்கிறது. பேர்னஸில் கை வைத்தால் அந்தப் பலத்தை நீங்களே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவீர்கள்.

ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின்படி, செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை ஹீட் ஓர் அத்தியாவசிய சேவை. வீட்டுக்காரர் அதை நிறுத்தவோ மறுக்கவோ முடியாது. எவ்வளவு சூடு என்பதும் ஒழுங்குவிதியில் இருக்கிறது: ஆள் புழங்கும் எல்லா அறைகளிலும், தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி அளந்தால் குறைந்தது 20 பாகை வேண்டும். ஸ்காபரோ ரொறன்ரோ மாநகரத்துக்குள் வருவதால் குளிர்காலத்தில் நகரசபையின் 21 பாகை விதியும் உங்களுக்குப் பொருந்தும். "ஹீற்றர் வாங்கி வையுங்கோ" என்பது இந்தக் கடமைக்குப் பதில் ஆகாது. ஹீட் குறைவாகத்தான் இருக்கும் என்று நீங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டிருந்தாலும், சட்டத்துக்கு முரணான அந்த வரி செல்லாது.

ஆனால் சட்டம் உங்களுக்குத் தருவது அந்தப் பாகையைத்தான், தெர்மோஸ்டாட்டை அல்ல. எந்தக் கருவியைப் பூட்டுவது, அதை யார் போனில் வைத்திருப்பது என்பதெல்லாம் வீட்டுக்காரர் விருப்பம். அந்தக் கருவி உங்கள் அறையை 16க்கு இறக்கும்போதுதான் அது சட்டப் பிரச்சினை ஆகிறது.

மச்சானின் திட்டத்தில் என்ன ஆபத்து? பேர்னஸின் கட்டுப்பாட்டு போர்டில் ஆர், டபிள்யூ, வை, ஜி, சி என்று வயர் பூட்டும் முனைகள் இருக்கும். அதில் ஓடுவது 24 வோல்ட்தான், ஆளை அடிக்காது. ஆனால் ஆர் வயரும் சி வயரும் ஒரு தடவை முட்டினால் போதும், போர்டில் இருக்கும் 3 அல்லது 5 அம்பியர் பியூஸ் போய்விடும். பியூஸ் இல்லாத பழைய பேர்னஸில் ட்ரான்ஸ்போமரே கருகலாம். ஜனவரி இரவில் மேல்வீட்டுக்கும் ஹீட் இல்லை என்றால், அடுத்த நாள் உங்கள் கையில் என்-5 நோட்டீஸ், அதாவது சேதம் செய்ததற்காக வீட்டை விட்டு எழுப்பும் நோட்டீஸ், இருக்கும். சேதத்தைச் சரிசெய்ய அதில் 7 நாள் அவகாசம் உண்டு என்றாலும், செலவு உங்கள் தலையில்தான். வேலை சரியாகவே அமைந்தாலும், ஒரே பேர்னஸில் சும்மா இணைத்த இரண்டு தெர்மோஸ்டாட்டில் எது கேட்டாலும் முழு வீட்டுக்கும்தான் சூடு போகும். மேலே வெந்துபோவார்கள். அப்புறம் உங்கள்மீது அவர்கள் முறைப்பாடு எழுதுவார்கள்.

செய்யக்கூடியது வேறு, அதற்கு அதிகம் செலவில்லை. ஈகோபீ, நெஸ்ட் போன்றவற்றுக்குத் தனியாக ஒரு சிறிய அறை சென்சர் கிடைக்கும். அதை உங்கள் வீட்டில் வைத்தால், மேலே ஹோலின் சூட்டை மட்டும் பார்க்காமல் கீழேயும் பார்த்து பேர்னஸ் ஓடும்படி அமைக்கலாம். ஆட்கள் வெளியே போனதும் குறையும் 'அவே' அமைப்பையும் 21க்குக் கீழே இறங்காதபடி மாற்ற வேண்டும். மேலே ஆள் இல்லை என்பதால் வீட்டில் ஆள் இல்லை என்று அந்தக் கருவி முடிவெடுக்கிறது. கீழே ஒரு குழந்தை இருப்பது அதற்குத் தெரியாது. வீட்டுக்கார அண்ணைக்கே இது விளங்காமல் இருக்கலாம், பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் கீழே சூடு வராவிட்டால் காற்றுக் குழாய்களைச் சமப்படுத்த வேண்டும், அல்லது குழாய்க்குள் டாம்பர் என்ற அடைப்புத் தகடு வைத்து மேல், கீழ் என்று இரண்டு ஸோன் ஆக்க வேண்டும். அது டெக்னீஷியன் வேலை, செலவும் வீட்டுக்காரருடையது.

சென்சருக்குச் சம்மதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில சென்சர்கள் அறையில் ஆள் நடமாட்டத்தையும் அறியும், சில தெர்மோஸ்டாட்டில் மைக்கே இருக்கிறது. நீங்கள் எப்போது வீட்டில் இருக்கிறீர்கள் என்பது இன்னொருவர் போனில் தெரியத் தேவையில்லை. சூட்டை மட்டும் அளக்கும் சென்சர் போதும் என்று எழுத்தில் கேளுங்கள். பூட்ட வருவதென்றாலும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்து, காலை 8க்கும் இரவு 8க்கும் இடையில்தான் வரலாம்.

இனி ஆதாரம். சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நான் மேலே சொன்ன உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து அதே தூரத்தில் வைத்து, காலை, மதியம், இரவு படம் எடுங்கள். படத்தில் திகதியும் நேரமும் தெரிய வேண்டும். இரண்டு கிழமைப் படங்கள் பத்துப் பக்க முறைப்பாட்டைவிடப் பலமானவை. பிறகு சுருக்கமாக ஒரு கடிதம்: எந்த நாளில் எத்தனை பாகை, எந்தத் திகதிக்குள் சரிசெய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் கடதாசியிலும் ஒரு பிரதி கொடுங்கள். வாடகையை மட்டும் பிடித்து வைக்காதீர்கள். நல்ல வழக்கோடு வந்தவர்கள் பலர் அதனால்தான் தோற்றார்கள்.

பதியாத பேஸ்மென்ட் பற்றி. பதிவு இல்லாததால் உங்கள் உரிமை குறையாது, சட்டம் உங்களுக்கும் பொருந்தும். ஒரு விதிவிலக்கு உண்டு: குளியலறையையோ சமையலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே ஏற்பாடாக இருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. அப்படியானால் எதையும் செய்யுமுன் எனக்கு மறுபடி எழுதுங்கள். ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நகரசபையின் முறைப்பாட்டு எண்ணான 311க்கு அழைத்தால் அதிகாரி ஹீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போவார் என்று என்னால் உறுதி தர முடியாது. தீ பாதுகாப்பு, வெளியேறும் வழி எல்லாம் கண்ணில் படும். ஆகவே உங்கள் நிலையில் 311ஐக் கடைசியில் வைப்பேன். கடிதத்துக்குப் பதில் இல்லை என்றால் முதலில் மாகாணத்தின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவை அழையுங்கள். அவர்கள் வீட்டுக்காரரோடு நேரடியாகப் பேசுவார்கள். அதன் பிறகு எல்.டி.பி. என்று நாம் சொல்லும் வாடகைச் சபையில் டி-2 (வாடகையாளர் உரிமை மீறல்), டி-6 (பராமரிப்புக் குறைபாடு) விண்ணப்பங்கள். குளிரில் கழித்த மாதங்களுக்கு வாடகைக் குறைப்பும், ஹீற்றர் வாங்கிய செலவும் கேட்கலாம், ரசீதை எறியாதீர்கள். உரிமை கேட்டதற்காகவே எழுப்ப முயல்கிறார் என்று காட்டினால் சபை அதை மறுத்தே ஆக வேண்டும்.

சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குளிர் போனதும் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், படங்கள் சேரும்போதே கடிதத்தைக் கொடுங்கள்.

இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் சுவரில் இருப்பது மின்சார பேஸ்போர்ட் ஹீற்றர் என்றால் அந்த வயரில் ஓடுவது பெரும்பாலும் 240 வோல்ட். மேலே சொன்ன 24 வோல்ட் கருவிகளை அதில் பூட்டினால் தீப்பிடிக்கலாம். அதற்கென்று மைசா, சினோப்பே போன்றவை தனியாக இருக்கின்றன. வாடகை வீட்டில் அதைப் பூட்ட வேண்டியவர் வீட்டுக்காரர் அழைத்து வரும் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர்தான், மச்சான் அல்ல.