மொத்த விலைக் கிடங்குக் கடையில் மளிகை வாங்கினால் உண்மையிலேயே மிச்சமாகுமா?

வீட்டில் மூன்று பேர், மளிகைச் செலவு மாதா மாதம் ஏறுகிறது, வருடக் கட்டணம் கட்டிக் கிடங்குக் கடையில் உறுப்பினராகலாமா, இல்லை வழக்கமான கடையிலேயே வாரா வாரம் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சமாகும். எங்கள் வீட்டில் நான்கு பேர். ஏழு வருடமாக இப்படித்தான் வாங்குகிறோம். ஆனால் முதல் இரண்டு வருடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டே நஷ்டப்பட்டோம். அது எப்படித் தெரியவந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒன்றரைக் கிலோ வால்நட் பை ஒன்று வாங்கியிருந்தோம். சின்னப் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 30 சதவீதம் குறைவு. முதல் மாதம் எல்லோரும் ஆசையாகத் தின்றோம். அப்புறம் அது அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விட்டது. நாலைந்து மாதம் கழித்துத் திறந்தால் பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாடை. ஒன்றை வாயில் போட்டால் கசப்பு. பருப்பில் இருந்த எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது. தராசில் வைத்தேன், 600 கிராம் இருந்தது. அப்படியே குப்பைக்குப் போயிற்று.

என் மனைவி அன்றைக்கே பேனாவை எடுத்தாள். "முப்பது சதவீதம் குறைச்சு வாங்கினோம். நாற்பது சதவீதம் தூக்கிப் போட்டோம். அப்ப தின்ன 900 கிராமுக்கு என்ன விலை ஆச்சுன்னு பாருங்க." கணக்குப் போட்டால், சின்னப் பாக்கெட்டின் விலையைவிட 17 சதவீதம் அதிகமாகக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கணக்கு மாறியது. கடையில் எழுதியிருக்கும் கிலோ விலை பாதிக் கதைதான். கொடுத்த பணத்தை, வாங்கிய அளவால் வகுக்கக் கூடாது. உபயோகித்த அளவால் வகுக்க வேண்டும். இதை நினைவில் வைக்க எளிய வழி ஒன்று உண்டு. எத்தனை சதவீதம் குறைவாக வாங்கினீர்களோ, அத்தனை சதவீதம் வீணானால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. 20 சதவீதம் குறைவாக வாங்கிய மாவில் ஐந்தில் ஒரு பங்கு பூச்சி பிடித்துப் போனால், தூக்கிச் சுமந்ததுதான் மிச்சம்.

இந்தக் கடைகளில் ஏன் விலை குறைவு என்று தெரிந்துகொள்வதும் உதவும். சோல் பிரைஸ் என்பவர் 1976-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், பழைய விமானக் கொட்டகை ஒன்றில் பிரைஸ் கிளப் என்ற கடையைத் திறந்தார். முதலில் சிறு வியாபாரிகளுக்காகத்தான் அது நடந்தது. குடும்பங்கள் பிறகு வந்தன. 1983-ல் சியாட்டிலில் காஸ்ட்கோவும், அதே வருடம் வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப்பும் வந்தன. 1993-ல் பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாயின. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் பல்லாயிரம் வகைச் சரக்கு இருக்கும். காஸ்ட்கோவில் சுமார் நாலாயிரம்தான். ஒரு பொருளில் ஒன்றிரண்டு பிராண்டு மட்டும் எடுத்து, அதையே மலைபோல வாங்குவதால் கொள்முதல் விலை இறங்குகிறது. லாரியில் வந்த மரத்தட்டோடு அப்படியே கடைக்குள் வைத்துவிடுகிறார்கள். அடுக்குகிற கூலி மிச்சம். சரக்கில் வைக்கும் லாபம் குறைவு. லாபத்தில் பெரும்பங்கு உறுப்பினர் கட்டணத்திலிருந்து வருகிறது.

அதனால் நீங்கள் கட்டும் கட்டணம் விலையின் ஒரு பகுதிதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வருடக் கட்டணம் 60 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. வழக்கமான கடையைவிடச் சராசரியாக 15 சதவீதம் குறைவாகக் கிடைக்கிறது என்றால், வழக்கமான விலையில் 400-க்கு வரும் சரக்கை அங்கே வாங்கிய பிறகுதான் கட்டணம் திரும்பி வரும். அதற்கு மேல் வாங்குவதில்தான் மிச்சம் தொடங்குகிறது. மூன்று பேர் உள்ள வீட்டில் இது எளிதாக எட்டக்கூடியதுதான். தனியாக இருப்பவர் யோசித்துச் சேர வேண்டும். போய்வரும் பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் போகிறோம்.

பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நம்பிவிடாதீர்கள். நடுத்தர பாக்கெட் கிலோவுக்குக் குறைவாகவும், பெரியது கூடுதலாகவும் இருப்பதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். வழக்கமான கடையில் தள்ளுபடி வரும் வாரத்தில் அங்கே வாங்குவதே லாபமாகவும் அமையும். கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று அட்டையில் போட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே விதி கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2009-லிருந்து பெரிய மளிகைக் கடைகளுக்கு அது கட்டாயம். உங்கள் ஊர்க் கடையில் அந்தச் சின்ன எழுத்து இருந்தால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதை மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் கைப்பேசியில் வகுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு எச்சரிக்கை: டிஷ்யூ, சலவைத்தூள் மாதிரியான பொருட்களில் ஒரு அட்டையில் 100 கிராமுக்கு, இன்னொன்றில் "ஒரு தடவைக்கு" என்று போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிட முடியாது.

அப்புறம், எதை வாங்குவது? எங்கள் வீட்டில் வந்த முடிவு இது. கெடாததையும் தினமும் தீர்வதையும் பெரிதாக வாங்கலாம். உப்பு, சர்க்கரை, வெள்ளை அரிசி, காய்ந்த பருப்பு வகைகள், குப்பைப் பை, கழிவறைக் காகிதம், சோப்பு, பேட்டரி இவையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குபவை. வெள்ளை அரிசி ஈரமும் பூச்சியும் படாமல் இருந்தால் வருடக்கணக்கில் கெடாது. அதே அரிசி தீட்டாததாக இருந்தால் கதை வேறு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. வெளியில் வைத்தால் ஆறு மாதத்தைத் தாண்டுவது கடினம். முழுக் கோதுமை மாவும் அப்படித்தான். எண்ணெய்ச் சத்து எதில் இருக்கிறதோ அதைச் சின்னதாக வாங்கு என்பதுதான் அந்த வால்நட் பை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது.

சமையல் எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஐந்து லிட்டர் கேனைத் திறந்த நிமிடத்திலிருந்து காற்று அதைத் தொடுகிறது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சூடும் வெளிச்சமும் சேர்ந்து சீக்கிரம் கெடுக்கும். நாங்கள் கேனை இருட்டான அலமாரியில் மூடி வைத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி அதை மட்டும் அடுப்பங்கரையில் வைக்கிறோம். மசாலாப் பொருட்களை முழுதாக வாங்கினால் மணம் நெடுநாள் நிற்கும். அரைத்த தூள் பெரிய பாக்கெட்டில் வேண்டவே வேண்டாம். காபித்தூளும் அப்படியே. சலவைக்குப் போடும் பிளீச் கெடாது என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு அதன் வீரியம் இறங்கத் தொடங்கிவிடும்.

மாவு, தானியம் வந்ததும் நாங்கள் ஒரு வேலை செய்கிறோம். சின்னப் பைகளாகப் பிரித்து ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், நாலைந்து நாள் வைத்துவிட்டு எடுப்போம். கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டைகள் அதில் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வர விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும். பிறகு இறுக மூடும் டப்பாவில் கொட்டிவிடுவோம். பழைய மாவு தீராமல் அதன் தலையில் புது மாவைக் கொட்டுவதில்லை. அடியில் இருப்பது அடியிலேயே கிடந்து, ஒருநாள் மொத்த டப்பாவையும் கெடுக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் உதவியது ஒரு மார்க்கர் பேனா. எதைத் திறந்தாலும் மூடியில் அன்றைய தேதி. தீர்ந்ததும் பக்கத்தில் இன்னொரு தேதி. மூன்று மாதம் இப்படி எழுதியபோதுதான் எங்கள் வீட்டைப் பற்றியே எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு கிலோ சர்க்கரை 38 நாள் வருகிறது. பாத்திரம் துலக்கும் திரவம் நாங்கள் நினைத்ததில் பாதி நாள்தான் வருகிறது. தேன் பாட்டிலுக்கு இரண்டாவது தேதியே விழவில்லை. இந்த நாள் கணக்கு கையில் இருந்தால் கடையில் நின்று யோசிக்க ஒன்றுமில்லை. பாக்கெட் எத்தனை நாள் வரும், பொருள் எத்தனை நாள் தாங்கும், எது பெரியது? அவ்வளவுதான்.

துலக்கும் திரவம் பாதி நாளில் தீர்ந்ததற்கும் காரணம் உண்டு. நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் கை தாராளமாகிவிடுகிறது. சின்ன பாட்டிலில் இருந்தபோது சொட்டுச் சொட்டாக விட்டவர்கள், நான்கு லிட்டர் கேனிலிருந்து குடுகுடுவென்று ஊற்றினோம். பிஸ்கட், சிப்ஸ் விஷயத்தில் குழந்தைகளும் அப்படித்தான். வாரத்துக்கு ஒன்று என்று இருந்தது, பெட்டியாக வந்ததும் நாளைக்கு ஒன்றானது. அங்கே எதுவும் வீணாகவில்லை, எல்லாம் தீர்ந்தது. ஆனாலும் செலவு ஏறியது. தின்பண்டத்தை அங்கே வாங்குவதை நிறுத்திவிட்டோம். திரவத்தைப் பழைய சின்ன பாட்டிலிலேயே ஊற்றி வைக்கிறோம், பழைய நாள் கணக்கு திரும்பி வந்துவிட்டது.

உங்கள் வீட்டில் மூன்று பேர் என்பதால் இன்னொரு யோசனையும் சொல்கிறேன். ஆள் குறைவான வீட்டுக்கு நல்ல பக்கத்து வீடு ஒரு சொத்து. எங்கள் மாடியில் தனியாக இருக்கும் அக்காவும் நாங்களும் வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை மாதிரியான சீக்கிரம் கெடும் பொருட்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம். கடையிலிருந்து வந்த அன்றே தராசில் வைத்துப் பிரித்து, பில்லைப் பார்த்து அன்றே பணத்தையும் தீர்த்துவிடுவோம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாராவது ஒருவர் கேட்கக் கூச்சப்படுவோம். அந்தக் கூச்சம் நல்ல உறவைக் கெடுத்துவிடும்.

சேர்வதற்கு முன் ஒரு மாதம் உங்கள் வீட்டு டப்பாக்களில் தேதி எழுதிப் பாருங்கள். அதில் அதிகம் தீரும் பத்துப் பொருட்களைக் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் யாருடனாவது ஒருமுறை அந்தக் கடைக்குப் போய், அந்தப் பத்துக்கு மட்டும் கிலோ விலையை எழுதி வாருங்கள். முதல் தடவை ஒன்றும் வாங்க வேண்டாம். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்தால் கட்டணம் கட்டலாமா வேண்டாமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.