ஒரே லென்ஸோடு பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கேமராவோடு வந்த 18-55 மிமீ லென்ஸ், தனியாக வாங்கிய 55-250 இரண்டும் வைத்திருக்கிறேன். இவற்றை விற்றுவிட்டு ஒரே 18-300 வாங்கலாமா?

படத்தின் தரம் கூடும் என்று எதிர்பார்த்து வாங்காதீர்கள். ஒரே லென்ஸுக்குள் 16 மடங்கு ஜூமை அடைக்கும்போது எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது டெலி முனையின் (தூரத்தை இழுக்கும் 300 பக்கம்) கூர்மையாக இருக்கும். உங்களுக்குக் கிடைக்கப்போவது வேகம். லென்ஸை மாற்றி முடிப்பதற்குள் பறந்துவிடும் பறவை இனித் தப்பாது. தூசிக் காற்றில் கேமராவைத் திறக்கவும் வேண்டாம்.

பழைய பயணப் படங்களின் எக்ஸிஃப் விவரங்களை (படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும் குறிப்புகள்) ஒருமுறை புரட்டுங்கள். எந்த ஃபோக்கல் லெங்த்தில் (லென்ஸ் பெயரில் வரும் மிமீ எண்; சின்னது அகலக் காட்சிக்கு, பெரியது தூரக் காட்சிக்கு) எடுத்தீர்கள் என்பது அதில் இருக்கும். கிட்டத்தட்ட எல்லாமே 55க்குள் என்றால், காரணம் என்ன? தூரக் காட்சிகளில் ஆசை இல்லை என்றால் 18-55 போதும். ஆசை இருந்தும் மாற்றச் சோம்பல் என்றால் 18-300 உங்களுக்கானதுதான்.

கேள்வி: ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமரா (ஃபிலிம் அளவுப் பெரிய சென்சார், உள்ளே கண்ணாடி கிடையாது) வாங்கப்போகிறேன். 24-200, 28-200, 24-240, 28-400 என்று ஏகப்பட்டவை இருக்கின்றன. அதிக ஜூம் உள்ளதை எடுப்பதுதானே லாபம்?

கடையில் எல்லோரும் பெரிய எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் சின்ன எண்ணைப் பார்க்கச் சொல்வேன். 24 மிமீயில் மூலைக்கு மூலை சுமார் 84 டிகிரி அகலம் கிடைக்கும். 28இல் சுமார் 75. குறுகலான தெரு, உயரமான கோபுரம், ஒரு சிறிய அறை என்று பின்னால் நகர இடமில்லாத இடங்களில் அந்த 9 டிகிரி உறுத்தும். மறுமுனையில் 200க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம் இரண்டே டிகிரி. படத்தைக் கொஞ்சம் வெட்டினால் சரியாகிவிடும். வைடு பக்கம் விட்டதை வெட்டி வரவழைக்க முடியாது.

அதனால் நிக்கான் இசட் கேமரா என்றால் என் தேர்வு 24-200. சுமார் 570 கிராம்தான். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கினாலும் பாரம் தெரியாது. 2024இல் வந்த 28-400 சுமார் 725 கிராம், 400இல் அதன் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை; எஃப் எண் கூடினால் வெளிச்சம் குறையும்) எஃப்/8. பறவை, விலங்கு என்று அலைபவர்களுக்கு அது நல்ல பேரம். மற்றவர்களுக்கு வீண் சுமை.

சோனிக்கு வரும் டாம்ரான் 28-200 மட்டும் நான் சொன்ன விதிக்கு ஒரு விலக்கு. 28இல் எஃப்/2.8 தருகிறது, இந்த வகையில் அது அபூர்வம். ஆனால் லென்ஸுக்குள் அதிர்வுத் தடுப்பு கிடையாது, கேமராவில் அது இருக்க வேண்டும்.

கேனான் ஆர்எஃப் 24-240 நல்ல லென்ஸ்தான். திருத்தம் போடாத ரா கோப்பில் (கேமரா பதிந்த மூலக் கோப்பு) 24 மிமீ படத்தைத் திறந்தால் மூலைகள் கறுத்து, கோடுகள் பானை வயிறு மாதிரி வளைந்திருக்கும். பயப்படாதீர்கள், மென்பொருள் திருத்தத்தை நம்பியே வடிவமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: 300இல் எடுத்தால் எல்லாமே மங்கல். லென்ஸ் பழுதா?

இருக்கலாம், ஆனால் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 300 என்பது ஃபுல் ஃப்ரேமின் 450க்குச் சமம் (கேனானில் 480). ஆள் நடந்தாலே 1/500 நொடி ஷட்டர் வேண்டும். அதிர்வுத் தடுப்பு உங்கள் கையைத்தான் பிடிக்கும், நடப்பவரை அல்ல. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன்) ஏற்றத் தயங்காதீர்கள், அப்போது புள்ளி விழும் படத்தைச் சரிசெய்யலாம். நடுப்பகலில் தூரத்து மலையை எடுத்தீர்களா? அப்படியென்றால் குற்றவாளி வெப்பத்தில் அலையும் காற்று. எத்தனை விலை கொடுத்த லென்ஸும் அதன் முன் தோற்கும். காலை வெளிச்சத்தில், முக்காலியில், எஃப்/8இல் அருகிலுள்ள சுவர் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதுவும் ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸைச் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: இரவுக்கும் இதே லென்ஸ் போதுமா?

அசையாத காட்சிக்குப் போதும். மனிதர்கள் இருந்தால் சிரமம். 35 மிமீ எஃப்/1.8 மாதிரி ஒரு சின்ன பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எஃப்/4ஐ விட ஏறக்குறைய ஐந்து மடங்கு வெளிச்சம் வாங்கும். ‘ஒரே லென்ஸ்’ என்ற கொள்கை கெடுகிறதே என்றால், கெடட்டும்.

கேள்வி: ஃபுல் ஃப்ரேமுக்கான 28-200ஐ ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டலாமா?

மாட்டலாம், வேலை செய்யும். ஆனால் 28 என்பது 42 ஆகிவிடும். வைடு என்று எதுவும் மிஞ்சாது. 16 அல்லது 18இல் தொடங்குவதை வாங்குங்கள்.

கேள்வி: நடக்கும்போது லென்ஸ் தானாக நீண்டு தொங்குகிறது. ரிப்பேரா?

முன்பக்கக் கண்ணாடிகளின் எடை இழுக்கிறது, அவ்வளவுதான். பல லென்ஸ்களில் பக்கவாட்டில் ஒரு பூட்டு இருக்கும். வைடு முனைக்குச் சுருக்கிப் பூட்டிவிட்டு நடங்கள். பூட்டு இல்லையென்றால் ஜூம் வளையத்தையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கும்படி ஒரு அகலமான ரப்பர் பேண்டைப் போட்டுவிடுங்கள்.