மேடையில் முதல் ஒரு நிமிடம்: கேள்வி பதில்

பள்ளி ஆசிரியை: மேடையில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லோர் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் சலசலக்க ஆரம்பித்துவிடுகிறது. பெயர்களை விட்டுவிடலாமா?

அடியோடு விட்டால் மனத்தாங்கல் வரும். ஆனால் வரவேற்புரை சொன்னவர் ஏற்கெனவே எல்லோரையும் அழைத்திருப்பார். அதனால் தலைவர், சிறப்பு விருந்தினர் இருவரை மட்டும் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, மற்றவர்களை 'மேடையில் உள்ள பெரியோர்களே' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். மிச்ச நேரம் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் விவேகானந்தர் 'அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே' என்றதும் எழுந்த கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. கலைஞர் 'என் உயிரினும் மேலான' என்று நிறுத்தினாலே ஆரவாரம் கிளம்பிவிடும். 'அன்பு உடன்பிறப்புகளே' அப்புறம்தான் வரும். இரண்டு பேரும் முதலில் அழைத்தது கீழே இருந்தவர்களைத்தான்.

கல்லூரி மாணவர்: மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசப்போகிறேன். 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கலாமா?

உங்களுக்கு முன்னால் பேசுபவரும் அதையேதான் சொல்லப்போகிறார். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: '2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. 2019 ஜூலையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது.' இவ்வளவு போதும், நிறுத்திவிடுங்கள். இடையில் நாலு வருஷம்கூட ஆகவில்லையே, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போயிற்று என்று கூட்டம் தானாகவே யோசிக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாக உங்கள் பேச்சு அமையட்டும். குறள் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நடுவில், தேவைப்படும் இடத்தில் சொன்னால் அதற்கு இன்னும் மதிப்பு கூடும்.

ஐடி ஊழியர்: பிரசன்டேஷனில் முதல் ஸ்லைடில் என்ன போடுவது?

முடிவைப் போடுங்கள். கம்பெனி வரலாறு, அட்டவணை எல்லாம் பின்னால் வரட்டும். 'இந்த மாற்றத்தைச் செய்தால் வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரம் பாதியாகும், அதற்கு இன்று உங்கள் ஒப்புதல் வேண்டும்' என்றால் மேனேஜர் போனைக் கீழே வைப்பார்.

இல்லத்தரசி, மகளிர் குழுப் பொறுப்பாளர்: 'எனக்குச் சரியாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்' என்றுதான் எப்போதும் தொடங்குகிறேன். கம்பரே அவையடக்கம் பாடியிருக்கிறாரே?

பாடினார். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் போன பூனை மாதிரி என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அந்த அடக்கத்தைச் சொன்ன விதத்திலேயே கவிஞர் தெரிகிறார். நீங்கள் சொல்கிற மன்னிப்போ, கேட்பவரை உங்கள் குறையைத் தேட வைக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். உங்கள் குழு கொடுத்த கடனில் தையல் மெஷின் வாங்கியவர் யாராவது இருப்பாரே? அவர் சம்மதித்தால் அவர் கதையிலிருந்தே தொடங்குங்கள்.

போட்டித் தேர்வு மாணவி: மைக்கைப் பிடித்ததும் கை நடுங்குகிறது. முழுவதையும் மனப்பாடம் செய்யட்டுமா?

வேண்டாம், நடுவில் ஒரு சொல் மறந்தால் எல்லாமே நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். மைக்கைக் கையில் எடுக்காமல் ஸ்டாண்டிலேயே விட்டுவிடுங்கள். மூன்றாவது வரிசையில் தலையாட்டிக் கேட்கும் ஒருவரைப் பார்த்துத் தொடங்குங்கள். அந்த இரண்டு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு சீராகிவிடும்.