சிஏ-125 அளவு 62 வந்திருக்கிறது... எனக்குப் புற்றுநோயா டாக்டர்?

கேள்வி: என் வயது 38. இரண்டு பிள்ளைகள். கணவரின் அலுவலகத்தில் குடும்பத்தினருக்கும் சேர்த்து முழு உடல் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட்டில் ‘கேன்சர் மார்க்கர்’ என்ற தலைப்பின் கீழ் சிஏ-125 அளவு 62 என்றும், 35-க்குள் இருக்க வேண்டும் என்றும் தடித்த எழுத்தில் இருக்கிறது. ரத்தம் கொடுத்தது மாதவிடாயின் இரண்டாம் நாள். நாலைந்து வருடமாகவே அந்த நாள்களில் வலி தாங்க முடியாது. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வாரமாகத் தூக்கமில்லை. எனக்குச் சினைப்பைப் புற்றுநோயா? 64 வயதாகும் என் அம்மாவுக்கும் இந்த டெஸ்ட் எடுத்துவிடலாமா?

பதில்: அந்த 62-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ‘ஆமாம்’ என்று சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. ‘இல்லவே இல்லை’ என்றும் சொல்ல முடியாது. ஆனால், உங்கள் கடிதத்தில் அந்த எண்ணைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ரத்தம் கொடுத்த நாள். இன்னொன்று, நாலைந்து வருட வலி. ரிப்போர்ட் எழுதிய இயந்திரத்துக்கு இவை இரண்டுமே தெரியாது.

முதலில் அந்த இயந்திரம் என்ன செய்தது என்று பார்ப்போம். அது உங்கள் ரத்தத்தில் புற்றுநோய் செல்லைத் தேடவில்லை. சிஏ-125 என்ற ஒரு புரதத்தைத்தான் தேடியது. தேடுவதற்குப் பயன்படுவது ஆன்டிபாடி. அதாவது, நம் உடல் கிருமிகளைப் பிடிக்க உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தின் லேப் வடிவம். சிறு மணிகளின் மேல் சிஏ-125-ஐ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் உங்கள் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஒரு துளி சேரும். அந்தப் புரதம் இருந்தால் மாட்டிக்கொள்ளும். அடுத்து, அதே புரதத்தை வேறொரு பக்கத்தில் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடியை விடுவார்கள். இதன் முதுகில் ஒளி விடும் பொருள் ஒன்று கட்டியிருக்கும். அப்புறம், அரிசி களைவதுபோல் நன்றாகக் கழுவி ஊற்றிவிடுவார்கள். இரண்டு ஆன்டிபாடிக்கும் நடுவே சிக்கிய புரதம் மட்டும் மிஞ்சும். எவ்வளவு ஒளி வருகிறதோ, அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் 62 ஆக அச்சானது.

ஒரே ஒரு புரதத்தைக் குறி தவறாமல் பிடிக்கும் ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் வித்தையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில்தான் 1981-இல் பாஸ்டனில் ராபர்ட் பாஸ்ட் குழுவினர் சினைப்பைப் புற்றுநோய் செல்களை எலிகளுக்குச் செலுத்தி, அவை உண்டாக்கிய ஆன்டிபாடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 125-ஆவது கைகொடுத்தது. பெயரில் உள்ள 125 அந்த வரிசை எண்தான். 125-ஐத் தாண்டினால் ஆபத்து என்று நினைத்துக்கொண்டு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

35 என்ற கோடும் அங்கிருந்து வந்ததே. 1983-இல் அதே குழுவினர் நோயில்லாத 888 பேரைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஒருவருக்குத்தான் 35-ஐத் தாண்டியது. சினைப்பைப் புற்றுநோய் இருந்த 101 பேரில் 83 பேருக்குத் தாண்டியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த 83-ல் பெரும்பகுதி நோய் முற்றியவர்கள். நோய் தொடங்கும் முதல் கட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு சிஏ-125 ஏறுவதே இல்லை.

மறுபக்கம், புற்றுநோயே இல்லாமலும் ஏறும். இந்தப் புரதம் சினைப்பைக்கு மட்டும் சொந்தமானதல்ல. கர்ப்பப்பையின் உள்சுவர், வயிற்றையும் நுரையீரலையும் இதயத்தையும் மூடியிருக்கும் மெல்லிய உறைகள் எல்லாமே இதைச் சுரக்கும். அங்கே எரிச்சலோ வீக்கமோ இருந்தால் ரத்தத்தில் கூடும். மாதவிடாய் நாள்கள், கர்ப்பம், நார்க்கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், இடுப்புப் பகுதித் தொற்று, கல்லீரல் சுருக்கத்தால் வயிற்றில் நீர் கோத்தல், இதயச் செயலிழப்பு எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சில வருடங்களுக்கு முன் ஓர் இளம்பெண்ணை அழைத்துவந்தார்கள். வயிறு ஊதியிருந்தது. உடல் மெலிந்திருந்தது. சிஏ-125 ஐந்நூறுக்கு மேல். வீட்டில் ஏற்கெனவே அழுது முடித்துவிட்டார்கள். வயிற்று உறையிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால் காசநோய்! ஆறு மாத மாத்திரையில் குணமாகி, அடுத்த வருடம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மாதவிடாயின் இரண்டாம் நாளில் எடுத்த ரத்தம். கூடவே வருடக்கணக்கில் மாதவிடாய் வலி. எனக்கு முதலில் தோன்றுவது எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிவதுதான் அது. தோன்றுவது வேறு, உறுதியாவது வேறு. அதனால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம். ‘பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்’ என்று நாலைந்து வருடம் பொறுத்திருக்கிறீர்களே, எனக்கு வருத்தம் அதில்தான்.

ஸ்கேனுக்கு நான் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்றால், மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சிஏ-125 எண்ணை ஸ்கேன் மதிப்பெண்ணாலும், மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதற்கான மதிப்பெண்ணாலும் பெருக்குவார்கள். சந்தேகப்படும்படி ஸ்கேனில் எதுவும் இல்லையென்றால் பூஜ்யம். உங்கள் 62-ஐப் பூஜ்யத்தால் பெருக்கிப் பாருங்கள். இரண்டோ அதற்கு மேலோ சந்தேகக் குறிகள் இருந்தால் மூன்று. மாதவிடாய் நிற்காதவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு மதிப்பெண் ஒன்றுதான். அப்போதும் 186. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் கோடு 200. இது முடிவு சொல்லும் கணக்கல்ல, அந்த எண் தனியாக நிற்காது என்று காட்டவே சொன்னேன். நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்!

பயோட்டினைக் குறிப்பிட்டது நல்லதாய்ப் போயிற்று. பலர் இதைச் சொல்வதே இல்லை. சில இயந்திரங்களில் ஆன்டிபாடியை மணியோடு ஒட்டவைக்கும் பசையே பயோட்டின்தான். ரத்தத்தில் பயோட்டின் நிறைய ஓடினால் அது அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடி ஒட்டாது, ஒளி குறையும். அதாவது, இந்த வகைச் சோதனையில் அளவு உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். உங்கள் 62-க்குப் பயோட்டின் காரணமல்ல. நம் அன்றாடத் தேவை 30, 40 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளில் 5,000, 10,000 என்று போட்டு விற்கிறார்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இலேயே இதுபற்றி எச்சரித்தது. மருத்துவர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னால், அவரிடம் சொல்லிவிட்டு இரண்டு மூன்று நாள் முன்பே மாத்திரையை நிறுத்துங்கள். நாலு முதல் ஆறு வாரம் கழித்து, மாதவிடாய் இல்லாத ஒரு நாளில், அதே லேபில் கொடுங்கள். லேபுக்கு லேப் கிட் மாறும், எண்ணும் மாறும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரிய வேண்டுமானால் ஒரே தராசு வேண்டும்.

இந்த டெஸ்ட் வீண் என்று சொல்லவில்லை. சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவருக்கு, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இது அருமையான கருவி. 800-ல் இருந்து 90, அப்புறம் 20 என்று இறங்குவதைப் பார்க்கும் நிம்மதி தனி. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு பேக்கேஜில் சேர்த்து விற்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிரிட்டனில் மாதவிடாய் நின்ற இரண்டு லட்சம் பெண்களை வைத்து இதையே சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வருடாவருடம் சிஏ-125, இன்னொரு பிரிவினருக்கு ஸ்கேன், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. 2021-இல் வந்த முடிவு: சிஏ-125 பிரிவில் கொஞ்சம் பேருக்கு முன்கூட்டியே நோய் தெரிந்தது, ஆனால் இறப்பு குறையவில்லை. ஆகவே, தொந்தரவு ஒன்றும் இல்லையென்றால் அம்மாவுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம். சமீபகாலமாக வயிறு உப்பியே இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, அடிக்கடி சிறுநீர் போகிறது என்று அவர் சொன்னால் கதை வேறு. அப்போது தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பாட்டி, சித்தி, பெரியம்மா யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால், அதை அம்மாவின் மருத்துவரிடமும் சொல்லுங்கள், உங்கள் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.