64 பேர் மட்டுமே வாழும் அமெரிக்க கவுண்டிக்குத் தனி அரசு எப்படிச் சாத்தியம்?

நீங்கள் கேட்பது டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கில், நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கும் லவிங் கவுண்டியைப் பற்றி. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற, மாநிலத்தின் உட்பிரிவு. சுமார் 1,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த வறண்ட சமவெளியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேரே வாழ்ந்தனர். தலைநகரான மென்டோனில் 22 பேர். மேற்கு எல்லையாக ஓடும் பீகோஸ் ஆற்றின் நீர் உவர்ப்பானது என்பதால், குடிநீர் நெடுங்காலம் வெளியிலிருந்து லாரியில் வந்தது.

டெக்சாஸில் மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் கவுண்டியின் நிர்வாக அமைப்பு ஒன்றுதான். ஒரு கவுண்டி நீதிபதியும் நான்கு ஆணையர்களும் சேர்ந்த ‘ஆணையர் நீதிமன்றம்’ (Commissioners Court) என்ற மன்றம் வரவு செலவுத் திட்டத்தையும் வரி விகிதத்தையும் தீர்மானிக்கிறது. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிப்பையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பெயரில் நீதிமன்றம் என்றிருந்தாலும், இம்மன்றத்தின் முதன்மையான வேலை நிர்வாகமே.

இதற்கெல்லாம் பணம் தருவது எண்ணெய். நிலத்தடிக் கனிமங்களுக்கும் டெக்சாஸில் சொத்துவரி உண்டு. எண்ணெய் வளம் மிக்க நிலப்பகுதியான பெர்மியன் படுகையின் கிணறுகள் இங்கே ஏராளம். 1893இல் அமைக்கப்பட்டு 1897இல் கலைக்கப்பட்டு அண்டை ரீவ்ஸ் கவுண்டியுடன் இணைக்கப்பட்ட இது, எண்ணெய் கிடைத்த பிறகு 1931இல் மீண்டும் தனி நிர்வாகம் பெற்றது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இவ்வளவு சிறிய வாக்காளர் கூட்டத்தில் ஒரு குடும்பம் குடியேறினாலே தேர்தல் முடிவு மாறக்கூடும். ஆகவே, யார் உண்மையில் இங்கு வசிப்பவர் என்ற வழக்கு இக்கவுண்டியில் உயிர்நாடியான அரசியல் பிரச்சினையாகிறது.