எக்செல் கட்டம் ஏன் செங்கல்லாகிறது?

நகரியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “புடவை பார்டருக்கு டிசைன் போடுகிறேன். கடையில் கிடைக்கும் கிராஃப் தாளில் கட்டம் ரொம்பப் பொடி. 5 மி.மீ. சதுரமாக எக்செல்லில் நானே செய்துகொள்ளலாம் என்று காலம் அகலம் 15, ரோ உயரம் 15 வைத்தேன். கட்டம் செங்கல் மாதிரி படுத்துக் கிடக்கிறது. மவுஸால் இழுத்துச் சரிசெய்தால், ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்கும்போது அளவு மாறிவிடுகிறது. என்ன செய்ய?”

நீங்கள் போட்ட இரண்டு 15-ம் ஒரே 15 இல்லை. ரோ உயரம் பாயிண்ட் கணக்கு. இஞ்சுக்கு 72 பாயிண்ட். காலம் அகலம் எழுத்துக் கணக்கு. ஃபைலின் அடிப்படை எழுத்துருவில் எத்தனை பூஜ்யம் வரிசையாக நிற்கும் என்பதுதான் அந்த எண். காலிப்ரி 11 எழுத்துருவில் அகலம் 15 என்றால் 110 பிக்சல், உயரம் 15 என்றால் வெறும் 20 பிக்சல். படுத்துக் கிடக்காமல் என்ன செய்யும்!

அதனால் அந்த எண்களை விட்டுவிட்டு பிக்சலைப் பாருங்கள். காலம் தலைப்பின் ஓரக்கோட்டைப் பிடித்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டியில் அகலமும், அடைப்புக்குறிக்குள் பிக்சலும் தெரியும். ரோவுக்கும் அப்படியே. ஷீட் முழுவதையும் செலக்ட் செய்து இரண்டையும் 19 பிக்சலுக்குக் கொண்டுவாருங்கள். சாதாரண திரை அமைப்பில் காலிப்ரி 11 என்றால் இது அகலம் 2, உயரம் 14.25. கட்டம் 5 மி.மீ.க்கு ஒரு மயிரிழை கூட, அவ்வளவுதான். புது எக்செல்லில் எழுத்துரு ஆப்டோஸ் நேரோவாக இருந்தால் அகல எண் வேறாக வரும். பிக்சல் சமமா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம் கோடு. ஷீட் ஆப்ஷன்ஸில் கிரிட்லைன்ஸ் பிரிண்ட்டை டிக் செய்தாலும், பிரிண்ட் ஏரியா குறிக்காவிட்டால் காலி ஷீட்டில் அச்சிட ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். எனக்கு கட்டங்களுக்கே எக்செல்லின் பார்டர் கோடு போடுவதுதான் பிடிக்கும். வெளிர் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடாகப் போட்டால், மேலே பென்சிலில் வரைவது பளிச்சென்று தெரியும்.

ஏ4 தாள் 210-க்கு 297 மி.மீ. சுற்றிலும் 1 செ.மீ. மார்ஜின் விட்டால் 190 மி.மீ. அகலம் மிஞ்சும். 5 மி.மீ. வீதம் 38 காலம் பிடிக்கும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் அந்த மயிரிழைகள் சேர்ந்து 191 மி.மீ. ஆகி, கடைசிக் காலம் தனியாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். 37 காலம், 55 ரோ போதும்.

கடையில் அளவு மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ‘ஃபிட்’. நீங்கள் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தாலும் அங்கே தாளுக்குள் அடங்கட்டும் என்று சுருக்கிவிடுவார்கள். ‘ஆக்சுவல் சைஸ்’ வைக்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபைலிலும் ஸ்கேலிங் 100 இருக்கட்டும், தாள் ஏ4 ஆக இருக்கட்டும். லெட்டர் (அமெரிக்கத் தாள் அளவு) என்று இருந்தால் அங்கேயும் சுருங்கும். ஒரு தாள் மட்டும் எடுத்து ஸ்கேலை வையுங்கள். குறுக்கே 30 கட்டம், நெடுக்கே 30 கட்டம், இரண்டும் 15 செ.மீ. ஒரு மி.மீ. அருகே வர வேண்டும்.

நெடுக்கே மட்டும் 2 மி.மீ. கூடினால்? 19-ல் ஒரு பிக்சல் குறைத்தால் அளவு 5 சதவீதம் விழும், அது அதிகம். இதற்கு ஒரு வழி: கட்டத்தை நான்கு மடங்காக, 76 பிக்சலில் செய்துவிட்டு ஸ்கேலிங்கை 25 சதவீதம் ஆக்குங்கள். இப்போது ஒரு பிக்சலுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ரோவை 75 ஆக்கினால் அந்த 2 மி.மீ. சரியாகிவிடும்.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்றால் லிப்ரேஆபீஸ் கால்க் போடுங்கள். இலவசம். அதில் காலம் அகலம், ரோ உயரம் இரண்டையும் நேரடியாக 0.5 செ.மீ. என்றே கொடுக்கலாம். எக்செல்லில்கூட வியூ மெனுவின் பேஜ் லேஅவுட் பார்வைக்குப் போனால் செ.மீ. கணக்கில் கொடுக்க முடியும். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டில் ரூலர் யூனிட்ஸ் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. டிசைன் தறிக்கு என்றால் சதுரம்தான் வேண்டுமா என்று நெய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இஞ்சுக்குப் பாவு (நெடுக்கு இழை) 80, ஊடை (குறுக்கு இழை) 64 என்று ஓடும் துணியில், சதுரக் கட்டத்தில் வட்டமாக வரைந்த பூ நெய்யும்போது நெடுக்கே நீண்டுவிடும். ஒரு கட்டம் ஒரு பாவு இழை, ஒரு ஊடை இழை என்று வைத்து வரைந்தால், அந்தத் துணிக்கு அகலமும் உயரமும் 4-க்கு 5 இருக்க வேண்டும். அதாவது காலம் 16 பிக்சல், ரோ 20 பிக்சல். உங்கள் தறியின் எண்ணிக்கை வேறென்றால், ஊடை எண்ணை அகலத்துக்கும் பாவு எண்ணை உயரத்துக்கும் வைத்து அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள்.